முதலில் யாரைக் கேட்பது?



ஒரு விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பேச்சுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டங்களில் பணி செய்யும் ஓர் அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் இருந்தேன். அந்த ஆண்டு 43 விண்ணப்பங்கள் வந்திருந்தன. கையிலிருந்த பணம் 9 பேருக்குத்தான் காணும். மேசையில் இரண்டு அடுக்கு. ஒன்றில் வண்ணப்படங்களோடு ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கைகள். மற்றதில் தனித்தாள்கள். அந்தத் தனித்தாள்களில் ஒன்று பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்தது. நீல மை, ஓரத்தில் ஈரம் பட்டு ஊறியிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் சிலர் சேர்ந்து எழுதியிருந்தார்கள். அளத்தில் நிழல் இல்லை, ஒரு கொட்டகை போட்டுத் தர வேண்டும் என்பது கோரிக்கை. கீழே 14 பெயர்கள். அவற்றில் 5 பேர் கைநாட்டு.

‘தணிக்கை அறிக்கை இணைக்கப்படவில்லை’ என்று அதன் தலையில் சிவப்புப் பென்சிலால் எழுதி ஒதுக்கியவள் நான்தான். விதிப்படி அது சரி. அந்த விதியை யார் போட்டது, யாரை மனதில் வைத்துப் போட்டது என்ற கேள்வி அன்று எனக்கு எழவில்லை. அந்தக் கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கத்தான் வந்திருக்கிறேன்.

சமூக அறக்கட்டளை என்று நாம் சொல்வது ஒரு குடும்பத்தின் பணமும் அல்ல, ஒரு நிறுவனத்தின் பணமும் அல்ல. ஓர் ஊரைச் சேர்ந்த பலர், உயிரோடு இருக்கும்போதும் உயில் மூலமாகவும் போட்டுவைத்த பணம் ஒரே முதலாகத் திரள்கிறது. முதலில் கை வைக்காமல், அதன் வருமானத்தை அந்த ஊருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். பணம் ஊருடையது என்பதால், எதற்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வியும் ஊருடையதாகிவிடுகிறது. தன் சொந்தப் பணத்தைக் கொடுப்பவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். ஊர்ப் பணத்தைக் கொடுப்பவர் சொல்லியாக வேண்டும்.

இந்த ஏற்பாடு பிறந்தது அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில், 1914 ஜனவரி 2 அன்று. தொடங்கியவர் பிரெடரிக் கோஃப் என்ற வழக்கறிஞர், கிளீவ்லாந்து டிரஸ்ட் வங்கியின் தலைவர். இறந்தவர்கள் தருமத்துக்கென்று எழுதிவைத்த சொத்துகளை அந்த வங்கி நிர்வகித்து வந்தது. அந்த வேலையில் அவர் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு கேடு உண்டு. எழுதிவைத்தவர் போய்விடுவார், காலமும் மாறிவிடும், அவர் சொன்ன தேவையே இல்லாமல் போகும். பணம் மட்டும் அவர் சொன்ன இடத்திலேயே கட்டுண்டு கிடக்கும். செயின்ட் லூயிஸ் நகர மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி 1851இல் இறந்தபோது, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த ஊருக்கு வந்து சேரும் ஏழைப் பயணிகளுக்கென்று தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்திருந்தார். எழுதிய காலத்தில் அது மிக நல்ல எண்ணம். பின்னால் ரயில் வந்தது. மூட்டை முடிச்சோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து அந்த ஊரில் தவித்து நிற்பவர்கள் அரிதாகிப்போனார்கள். பணம் அவர்களுக்காகவே காத்திருந்தது.

நமக்கும் இது புதிதல்ல. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில் வழிபாட்டுக்கும் தருமங்களுக்கும் எழுதிவைத்த பெரும் செல்வம் பல்லாண்டு வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முதலானோரின் முயற்சியால், தருமங்களுக்குப் போக எஞ்சிய தொகை கல்விக்குத் திருப்பப்பட்டு 1842இல் சென்னையில் பள்ளி தொடங்கியது. எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அதில் படித்து மேலே வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாற்றத்துக்கு ஏறக்குறைய 50 ஆண்டும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டன.

நீதிமன்றப் படியேறாமலே மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்பதுதான் கோஃபின் யோசனை. குறிப்பிட்ட தேவை மறைந்துபோனால் பணத்தை வேறு தேவைக்குத் திருப்ப ஒரு பகிர்வுக் குழுவுக்கு அவர் அதிகாரம் கொடுத்தார். குழுவில் ஐவர். இருவரை வங்கி நியமிக்கும். மேயர் ஒருவரை, உயில் வழக்குகளைப் பார்க்கும் நீதிபதி ஒருவரை, கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஒருவரை. ஒரே மதப் பிரிவைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அரசியல் பதவியில் இருப்பவரும் அதை நாடுபவரும் உறுப்பினராக முடியாது. பணம் சேர்வதற்கு முன்பே, நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதை இவ்வளவு கவனமாக எழுதிவைத்தார் பாருங்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே சிகாகோ, பாஸ்டன், இண்டியானாபோலிஸ் என்று வேறு ஊர்களும் இந்த முறையைப் பின்பற்றத் தொடங்கின.

குழு அமைந்துவிட்டது, கொடுக்கப் பணம் இல்லை. பெரும்பகுதி உயில் வழி வரவேண்டிய பணம். எழுதிவைத்தவர்கள் நல்லபடியாக உயிரோடு இருந்தார்கள். அந்தக் காத்திருப்பை அவர்கள் பயன்படுத்திய விதத்தைத்தான் நான் மிகவும் போற்றுகிறேன். ஊரை ஆராய்ந்தார்கள். 1915இல் தொடங்கிய கல்வி ஆய்வுக்கு ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளையைச் சேர்ந்த லெனார்டு அய்ரஸ் தலைமை தாங்கினார். அறிக்கை 25 தொகுதிகளாக வந்தது. பள்ளிக் கட்டடம், பிள்ளைகளின் உடல்நலம், கைத்தொழில் பயிற்சி, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தொகுதி. அதை அலமாரியில் அடுக்கிவைக்கவில்லை. மதிய உணவுக் கூட்டங்கள் போட்டு, ஒவ்வொரு தொகுதியாக ஊர் மக்கள் முன் வைத்தார்கள். பிறகு பொழுதுபோக்கு, விளையாட்டு வசதிகள் பற்றிய ஆய்வு. அதன் பிறகு குற்றவியல் நீதி.

இந்த மூன்றாவது ஆய்வில் சற்று நிற்க வேண்டும். 1920இல் கிளீவ்லாந்து நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியே ஒரு கொலை வழக்கில் சிக்கினார். ஊர் கொதித்தது. ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் ராஸ்கோ பவுண்டையும், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான ஃபெலிக்ஸ் பிராங்க்பர்டரையும் அழைத்து வந்து காவல், வழக்கு நடத்தல், நீதிமன்றம், சிறை எல்லாவற்றையும் ஆராயச் சொன்னது அறக்கட்டளை. 1922இல் வந்த அந்த அறிக்கையில் செய்தித்தாள்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. ஆய்வாளர்கள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, 1919 ஜனவரி மாதத்து நாளிதழ்களில் குற்றச் செய்திகள் பிடித்த இடத்தை அளந்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் பாதியில் 925 அங்குலம். இரண்டாம் பாதியில் 6,642 அங்குலம். படித்தவர்கள் ஊரில் குற்றம் ஏழு மடங்கு பெருகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். பதிவான குற்றங்கள் எவ்வளவு கூடின தெரியுமா? முதல் பாதியில் 345, இரண்டாம் பாதியில் 363. கூடியது வெறும் 18.

தேர்வுக் குழுவில் உட்காரும் ஒவ்வொருவரும் இந்த நான்கு எண்களை மனதில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். நம்மிடம் வரும் விண்ணப்பங்களும் அந்த நாளிதழ் மாதிரிதான். போன மாதம் எது பெரிதாகப் பேசப்பட்டதோ அதைப் பற்றி நாற்பது விண்ணப்பம் வரும். வெள்ளம் வந்த ஆண்டில் எல்லோரும் வெள்ள நிவாரணம் கேட்பார்கள். பெருந்தொற்று வந்த ஆண்டில் எல்லோரும் ஆக்சிஜன் கருவி கேட்பார்கள். கேட்பது தவறே இல்லை. ஆனால் விண்ணப்பக் கட்டின் கனத்தை ஊரின் தேவையின் கனமாக நாம் எடுத்துக்கொண்டால், 925ஐயும் 6,642ஐயும் பார்த்துவிட்டு 345ஐயும் 363ஐயும் பார்க்காமல் விட்டவர்கள் ஆவோம். கனடாவின் டொரண்டோ சமூக அறக்கட்டளை 2001இல் ‘வைட்டல் சைன்ஸ்’ என்ற அறிக்கையை வெளியிடத் தொடங்கியது இதற்காகத்தான். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல வீட்டு வாடகை, வேலை, படிப்பு, பாதுகாப்பு என்று ஊரின் நிலையை எண்களில் எடுத்து ஊருக்கே காட்டுவது. பிறகு மற்ற கனடிய நகரங்களும் அதை எடுத்துக்கொண்டன.

ஆனால் கிளீவ்லாந்தின் முன்மாதிரியை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. அந்த ஆய்வுகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் வெளியூர் அறிஞர்கள். மக்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். எது முதலில் என்று மக்களிடம் கேட்டதாகச் சொல்ல முடியாது. பகிர்வுக் குழுவின் ஐந்து நாற்காலிகளும் வங்கியும் மேயரும் நீதிபதிகளும் நிரப்பியவை. அரைநூற்றாண்டு கழித்து, 1966 ஜூலையில் அதே நகரத்தின் ஹஃப் என்ற கறுப்பின மக்கள் பகுதி பற்றி எரிந்தது. ஒரு மதுக்கடையில் கறுப்பினத்தவர் ஒருவருக்குக் குடிக்கத் தண்ணீர் தர மறுத்ததில் மூண்ட தீ. நால்வர் உயிரிழந்தார்கள், தேசியக் காவல் படை வந்து இறங்கியது. சமூக அறக்கட்டளைக்கே தாயகமான நகரம் அது. தொகுதி தொகுதியாக ஆய்வு நடந்த ஊரில் ஒரு குவளைத் தண்ணீரில் இருந்த தேவை எந்தத் தொகுதியில் பதிவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கும் வழக்கு.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்றொரு மாவட்டம். அமெரிக்காவின் செல்வச் செழிப்பான மாவட்டங்களில் ஒன்று. அங்கே வாழ்ந்த பெரில் பக் என்ற அம்மையார் 1975இல் காலமானார். தன்னிடமிருந்த பெல்ரிட்ஜ் எண்ணெய் நிறுவனப் பங்குகளை, மரின் மாவட்டத்தின் ஏழைகளுக்கும் அந்த மாவட்டத்தின் பிற அறப்பணிகளுக்கும் மட்டும் செலவிட வேண்டும் என்று உயில் எழுதி, சான் பிரான்சிஸ்கோ அறக்கட்டளையின் பொறுப்பில் விட்டிருந்தார். அப்போது அந்தப் பங்குகள் ஒரு கோடி டாலர் அளவில்தான் பேசப்பட்டன. 1979இல் ஷெல் நிறுவனம் பெல்ரிட்ஜை 365 கோடி டாலருக்கு வாங்கியது. பக் அம்மையாரின் பணம் 26 கோடி டாலர் வாக்கில் வந்து நின்றது.

அந்த அறக்கட்டளையின் எல்லைக்குள் ஐந்து மாவட்டங்கள் இருந்தன. கடலின் இந்தப் பக்கம் ஓக்லாந்தில் வேலையின்மையும் வீடின்மையும். அந்தப் பக்கம் மரினில் பணம் கொட்டுகிறது. அறக்கட்டளையின் நிதியுதவியில் பெரும்பங்கு மிகச் செழிப்பான மாவட்டத்துக்கே போனது. 1984இல் அவர்கள் நீதிமன்றம் போனார்கள். இந்தப் பணத்தை மற்ற நான்கு மாவட்டங்களிலும் செலவிட அனுமதி கேட்டார்கள். மரின் மக்கள் கொதித்தெழுந்தார்கள், செத்துப்போனவரின் சொல்லை மீறுகிறீர்கள் என்றார்கள். 1986இல் பல மாதங்கள் விசாரணை நடந்தது. வேறிடத்தில் கொடுத்தால் அதிகப் பயன் என்பது உயிலை மாற்றக் காரணமாகாது, உயிலில் சொன்னதை நிறைவேற்றவே முடியாத நிலை வந்தால்தான் மாற்றலாம் என்பது தீர்ப்பு. சான் பிரான்சிஸ்கோ அறக்கட்டளை பொறுப்பிலிருந்து விலகியது. அந்தப் பணத்துக்கென்றே மரின் சமூக அறக்கட்டளை உருவானது.

நீங்கள் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டால், சட்டம் சரியாகவே சொன்னது என்பேன். கொடுத்த சொல்லைக் காப்பாற்றாவிட்டால் நாளை யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆனால் வருமானம் பெருகிய பிறகு முன்னுரிமை பற்றி வாதாடியதில்தான் பிழை. அந்த நிபந்தனையோடு பணத்தை வாங்கிய நாளிலேயே முன்னுரிமை முடிவாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. மரின் என்றால் முழுக்கச் செல்வர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக எழுந்த மரின் சிட்டி அங்கேதான் இருக்கிறது. போர் முடிந்ததும் வேறெங்கும் வீடு கிடைக்காமல் கறுப்பினக் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. சான் ரஃபேலில் கனால் என்னும் பகுதியில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். உயிலில் ‘ஏழைகள்’ என்ற சொல்தான் முதலில் இருந்தது. அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள்.

நம் நாட்டில் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவு. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. நியாயமான சொல்தான். புகையைச் சுவாசிப்பவர்களுக்குத்தானே முதலில்? ஆனால் ஆலை இருக்கும் ஊருக்குத்தான் ஆலைப் பணம் என்றால் ஸ்ரீபெரும்புதூருக்கு வரும், ராமநாதபுரத்துக்கு வராது. வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று மத்திய அரசு எடுத்த பட்டியலில் தமிழ்நாட்டில் இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும். பல ஊர்ப் பணம் ஒன்றாகச் சேரும் பொது அறக்கட்டளைகள் நமக்கு எவ்வளவு தேவை என்பதை இதிலிருந்தே உணரலாம்.

குழுவுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பணமெல்லாம் ஒரே மாதிரிப் பணம் அல்ல. ஒரு பகுதி, கொடுத்தவர் இன்னாருக்கென்று பெயர் சொல்லிவிட்டது. இன்னொரு பகுதி கண் மருத்துவம், பெண் கல்வி என்று துறை சொல்லிவிட்டது. மற்றொரு பகுதியில், கொடுத்தவர் உயிரோடு இருந்து ஆண்டுதோறும் பரிந்துரை சொல்வார். இவையெல்லாம் போக, ‘உங்களுக்குச் சரி என்று பட்டதற்குக் கொடுங்கள்’ என்று விட்ட பணம் கொஞ்சம் இருக்கும். முன்னுரிமை பற்றிய முழு விவாதமும் அந்தக் கொஞ்சத்தைப் பற்றியதுதான். அதனால் அதை உயிரைப்போலக் காக்க வேண்டும். கொடையாளர்களிடம் போகும்போது நிபந்தனையில்லாத பணம் கேட்கத் தயங்கவே கூடாது.

அந்தக் கொஞ்சத்தையும் புதுமைக்கே கொடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. ஆண்டுதோறும் புதுத் திட்டம் கேட்கிறோம். இருபது ஆண்டாக ஒழுங்காக நடக்கும் மாலை நேரப் பள்ளியின் ஆசிரியைக்குச் சம்பளமும் கரண்ட் பில்லும் கட்ட ஆள் இல்லை. வழக்கமான செலவுக்குத் தருவதில்லை என்று கையை விரித்துவிடுகிறோம். அந்த அம்மா என்ன செய்வார்? பழைய வேலைக்குப் புதுப் பெயர் வைத்து எழுதிக் கொண்டுவருவார். அவரைப் பொய் எழுத வைத்தது நாம்.

முன்பு சொன்ன கிளீவ்லாந்து அறக்கட்டளையும் பின்னாளில் தன் வழியை மாற்றிக்கொண்டது. ஹஃப் உள்ளிட்ட பகுதிகளுக்கு நடுவிலேயே கிளீவ்லாந்து கிளினிக், பல்கலைக்கழக மருத்துவமனை, கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் என்று பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கில் பொருள் வாங்குகின்றன. சுற்றியிருக்கும் தெருக்களில் வேலை இல்லை. நிதியுதவி கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட அந்த வாங்கும் பணத்தில் ஒரு பங்கு பக்கத்துத் தெருவுக்குப் போனால் என்ன என்று யோசித்தார்கள். தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் எவர்கிரீன் கூட்டுறவுகள் அப்படித்தான் பிறந்தன. 2009இல் முதலில் திறந்தது ஒரு சலவைக் கூடம். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைப்பது வேலை. அங்குள்ளவர்களுக்குத் தேவைப்பட்டது நிலையான வேலையும் அதில் ஒரு பங்கும்.

சரி, அந்த உப்பளத்துக்கு வருகிறேன்.

இரண்டு ஆண்டு கழித்து வேறொரு வேலையாகத் தூத்துக்குடி போனபோது அந்தத் தாளின் நினைவு வந்து, விசாரித்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். மார்ச் மாதம், காலை பத்து மணி. வெள்ளைப் பாத்திகளில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். காலில் காலுறையை இழுத்துவிட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அந்தத் தாளில் இரண்டாவதாகக் கைநாட்டு வைத்தவர் அங்கே இருந்தார். அறுபது வயதிருக்கும். நான் இன்னார் என்று சொன்னதும் கோபப்படவில்லை. “கேட்டோம்லா, வரல. அவ்வளவுதானம்மா” என்றார்.

“அக்கா, கொட்டகை இப்பவும் இல்லையே. இந்த வருஷம் எழுதிக் குடுத்தா நானே முன்னால நின்னு வாங்கித் தர்றேன்” என்றேன்.

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கொட்டாய் எங்களுக்கு எதுக்கும்மா? அது முதலாளி போட வேண்டியது. அளம் அவங்களுது. நீங்க போட்டா அவங்க போட வேண்டாம்னு ஆயிரும்.”

“பிறகு ஏன் கொட்டகைன்னு எழுதினீங்க?”

“உங்க நோட்டீசுல கட்டடத்துக்குத்தான் குடுப்பாங்கன்னு போட்டிருந்துச்சாம். எழுதிக் குடுத்த புள்ள அப்படித்தான் சொல்லுச்சு. அதான் கொட்டாய்னு போடச் சொன்னோம்.”

அந்த ஆண்டு எங்கள் முன்னுரிமை ‘அடிப்படை வசதிக் கட்டுமானம்’. குழுவில் நாங்கள் ஏழு பேர், இரண்டு அமர்வு உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு.

“அப்ப உங்களுக்கு எதுக்கக்கா முதல்ல வேணும்?”

“மழை மாசத்துக்கு” என்றார். “ஐப்பசி பொறந்தா அளத்துல தண்ணி நின்னுரும், வேலை கிடையாது. தை முடியுற வரைக்கும் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பாடு. அந்த வட்டிய கட்டத்தான் மாசிலேருந்து வாருறோம். வட்டியில்லாம ஆளுக்குக் கொஞ்சம் கடனா தந்தா திருப்பித் தந்துருவோம். தருமமா வேண்டாம்.”

கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 14 பேரின் பெயரையும் மனப்பாடமாகச் சொன்னார். அதில் இருவர் இப்போது உயிரோடு இல்லை என்று அந்தப் பெயர்கள் வந்தபோது நிறுத்திச் சொன்னார். எழுதி முடித்ததும் வாங்கித் தன் கட்டைவிரலை உப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். மை தேடினோம், மை இல்லை. என் பேனாவின் நீல மையையே அவர் விரலில் பூசினேன்.